மாமா வாங்கிய விமானமும் காணாமல் போன லாக்புக்கும்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பெரியபட்டினத்தில் உங்கள் தாய்மாமா ஒரு பழைய இரண்டு சீட் விமானத்தை வாங்கி, முன்பு கருவாட்டுக் கிடங்காக இருந்த ஓட்டுக் கட்டடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். கம்பெனியில் முழுசாகச் செய்து வந்த விமானம் இல்லை, யாரோ ஒருவர் கிட் வாங்கித் தன் கையாலேயே பூட்டியது. 12 வருடமாகப் பறக்கவில்லை. லாக்புக் இல்லை, பதிவுச் சான்று இல்லை, விற்றவர் கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள் ரசீது மட்டும். போன மாதம் புது பேட்டரி மாட்டி, பங்க் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது இரண்டாவது முயற்சியிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. டூப்ளிகேட் பேப்பர் வாங்க எங்கே போவது, எத்தனை நாள் ஆகும், அதுவரை வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: விமானம் நன்றாகத்தான் இருக்கிறது, பேப்பர்தான் இல்லை என்று. அந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் அசைக்க வேண்டியிருக்கிறது.

நான் கடற்படையின் விமானப் பிரிவில் 15 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன், கடைசி சில வருடங்கள் உச்சிப்புளியில். வெளியே வந்தபின் சிறு விமானங்களின் பராமரிப்பில்தான் பிழைப்பு, இப்போது மண்டபம் பக்கம் வீடு. சட்டம் படித்தவன் இல்லை, அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு மெக்கானிக் சொன்னதாக எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியம், இரும்பு, ரப்பர் பற்றிச் சொல்வதை நம்பலாம், அதில் கை கறுத்தவன்.

கார் ஆர்சி தொலைந்தால் டூப்ளிகேட் வாங்குகிறோம். அதனால் காருக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை. விமானத்துக்கு அப்படி இல்லை. அதன் லாக்புக்கில்தான் அது எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாறியது, எப்போது தரையில் அடித்து எந்த இடத்தைச் சரிசெய்தார்கள், எந்த எச்சரிக்கை அறிவிப்புக்கு என்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: எழுதாத வேலை செய்யாத வேலை. பேப்பர் கிடைக்காத ஒவ்வொரு பாகத்தையும் காலம் முடிந்த பாகமாகத்தான் எண்ண வேண்டும். என்ஜின் ரோடாக்ஸ் 912 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் சாக்கெட் எல்லாவற்றையும் 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஓடாமல் சும்மா நின்றிருந்தாலும். முழு ஓவர்ஹாலுக்கு மணிக்கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று என இரண்டு உண்டு, எது முந்துகிறதோ அதுதான். 12 வருடம் நின்ற உங்கள் என்ஜினில் ரப்பரின் காலம் இரண்டு தடவை முடிந்துவிட்டது. அதை அறிய லாக்புக்கே தேவையில்லை, காலண்டர் போதும்.

காலண்டர் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நாலு படங்களை வைத்துப் பார்த்தால் இது ஜெனித் நிறுவனத்தின் 601 வகை மாதிரி தெரிகிறது. தாழ்ந்த இறக்கை, முழு அலுமினியம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட், கிறிஸ் ஹைன்ட்ஸ் வரைந்த வடிவம். அதிலே பல உட்பிரிவு உண்டு. இறக்கையின் பின் ஓரத்தில் உடம்பை ஒட்டி ஃபிளாப், அதாவது தரையிறங்கும்போது கீழே மடங்கும் பலகை, இருந்தால் அது எக்ஸ்எல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், பழைய ஹெச்டி, ஹெச்டிஎஸ் வகைகளில் ஃபிளாப் கிடையாது. உங்கள் மூன்றாவது படத்தில் ஃபிளாப் மாதிரி ஒன்று தெரிகிறது, ஆனால் தார்ப்பாய் மறைக்கிறது. இதை நான் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2006-லிருந்து சில ஆண்டுகளில் 601 எக்ஸ்எல் விமானங்கள் பல, வானில் போய்க்கொண்டிருக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. 2009 ஏப்ரலில் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இந்த வகையைப் பறக்க விடாமல் நிறுத்துங்கள் என்று அவசரக் கடிதம் எழுதியது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் ஆடும் பலகையான எய்லரான் படபடவென்று அதிர ஆரம்பித்து அது இறக்கையையே கிழித்துவிடும் வாய்ப்பு, எய்லரான் கேபிளின் இழுவிசை தளர்ந்திருப்பது, இதெல்லாம் அதில் பேசப்பட்டது. அந்த வருடக் கடைசியில் ஒரு மாற்றத் தொகுப்பே வந்தது: எய்லரானுக்குச் சமன் எடை, உள்ளே இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பான ஸ்பாரின் நடுப்பகுதிக்குக் கூடுதல் வலு, இன்னும் சில.

உங்கள் விமானத்துக்கு அந்த வேலை நடந்ததா? லாக்புக் இருந்தால் ஒரு வரியில் பதில் இருக்கும். இப்போது எய்லரானில் சமன் எடை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துவிடலாம், அது இல்லையென்றால் மொத்த வேலையும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எடை இருந்தால் மட்டும் உள் வேலையும் நடந்தது என்று ஆகாது. வெளியே தெரிவதை மாட்டிவிட்டு உள்ளே கை வைக்காமல் விட்டவர்கள் உண்டு. சீட்டைக் கழற்றி, நடு ஸ்பாரைத் திறந்து, வரைபடத்தை பக்கத்தில் வைத்து ரிவெட் ரிவெட்டாக ஒப்பிட்டால்தான் தெரியும். பேப்பர் இல்லாததன் விலை இதுதான். ஒரு வரிக்குப் பதில் பத்து நாள் வேலை.

அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பேப்பரைத் தேடுங்கள், நிறைய வரும், நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே வரும். வாலில் விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவு எழுத்து பாதி அழிந்திருக்கிறது என்றீர்களே, அதன் மேல் பெயின்ட் அடித்துவிட வேண்டாம். பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும், அதைப் படமெடுங்கள். காக்பிட்டிலோ வால் பக்கமோ ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் தயாரிப்பு எண் பொறித்திருக்கும். என்ஜின் உடம்பில் ஒரு எண், ப்ரொப்பெல்லரில் ஒரு எண். இந்த நாலு எண்களும் கிடைத்துவிட்டால் நாலு திசையில் தந்தி அடித்த மாதிரி. வால் எண்ணை வைத்து, விமானங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அரசு இயக்குநரகமான டிஜிசிஏவின் சென்னை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்: இந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று. தகட்டு எண்ணை வைத்துக் கிட் விற்ற நிறுவனத்திடம் கேட்டால் அந்த எண் யாருக்கு விற்றது என்று தெரியலாம். என்ஜின் எண்ணைச் சொன்னால் ரோடாக்ஸ் விற்பனையாளர் அது எந்த வருடத்து என்ஜின், அதற்கு எந்தெந்த அறிவிப்புகள் பொருந்தும் என்று சொல்லிவிடுவார். அப்புறம் விற்றவர். அவரைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், கோபப்படாமல். பூட்டிய ஆளின் பெயர், எந்த மைதானத்தில் பறந்தது, வேலை செய்த மெக்கானிக் யார், பழைய ஆல்பத்தில் படம் ஏதும் இருக்கிறதா. கிட் பூட்டுகிறவர்கள் படம் எடுக்காமல் இருக்க மாட்டார்கள், ஸ்பார் திறந்திருக்கும்போது எடுத்த ஒரு படம் கிடைத்தால் அது எனக்கு ஒரு சான்றிதழுக்குச் சமம்.

இதில் முதலில் தீர வேண்டியது உரிமை. பதிவில் இருக்கும் பெயரும் உங்கள் மாமாவுக்கு விற்றவர் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு விற்பனைப் பத்திரம் வேண்டும். கிட் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சுங்கத்தில் தீர்வை கட்டிய பில் வேண்டும், முழு விமானமாக வெளிநாட்டுப் பதிவோடு வந்திருந்தால் அங்கே பதிவு நீக்கிய சான்றும் வேண்டும். ஆவணம் தொலைந்ததாகத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம், அதைச் செய்யுங்கள், ஆனால் அந்தச் சீட்டு தொலைந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். விமானத்துக்கு ஒரு வரலாற்றை அது உண்டாக்கித் தராது.

"நாமே ஒரு புது லாக்புக் எழுதிக்கொள்ளலாமா" என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். புதுசாகத் தொடங்கலாம், தொடங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் முதல் பக்கத்தில் "முந்தைய ஆவணங்கள் கிடைக்கவில்லை, இந்தத் தேதியில் இந்த நிலையில் கண்டது" என்று உண்மையை எழுதித் தொடங்க வேண்டும். பழசை ஞாபகத்திலிருந்தோ கற்பனையிலிருந்தோ நிரப்பாதீர்கள். 2018-ல் ஒருவர், தான் வாங்கப் போகும் விமானத்தைப் பார்த்துச் சொல்லச் சென்னைப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். விற்பவர் லாக்புக்கைக் கொண்டுவந்து வைத்தார், பளபளவென்று இருந்தது. ஐந்து வருடப் பதிவு, ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரு பக்கத்தில்கூடக் கட்டைவிரல் எண்ணெய்க் கறை இல்லை. வேலை செய்கிற மெக்கானிக்கின் புத்தகம் அப்படி இருக்காது, மழையில் ஊறிய பக்கம் இருக்கும், பேனா மாறும், அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து இருக்கும். புரட்டிக்கொண்டே போனேன். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி 45 நிமிடம் பறந்ததாக ஒரு வரி. அன்றைக்குச் சென்னையில் விமான நிலையமே வெள்ளத்தில் மூடிக் கிடந்தது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாங்குகிறவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: விமானம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் இனி இந்தப் புத்தகத்தில் எந்த வரியையும் நம்ப முடியாது, புத்தகம் இல்லாமலே இருந்திருந்தால்கூட இதைவிட மேல். அவர் வாங்கவில்லை.

நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே வீட்டில் கட்டிய விமானத்துக்கென்றே பழகிய ஒரு பாதை இருக்கிறது. வால் எண்ணைக் கொடுத்தால் பதிவுக் கோப்பு முழுவதையும் ஓக்லஹோமா நகரத்தில் இருக்கும் பதிவு அலுவலகத்திலிருந்து சிறு கட்டணத்துக்கு அனுப்புவார்கள், தகுதிச் சான்று தொலைந்தால் மாற்றுச் சான்று உண்டு, லாக்புக் தொலைந்தால் எப்படித் திரும்பக் கட்டுவது என்பதற்கு வழிகாட்டுதலே உண்டு. வருடத்துக்கு ஒருமுறை சோதனை வேண்டும், அதைக் கட்டியவரே தகுதிச் சீட்டு வாங்கிச் செய்யலாம், ஆனால் அந்தச் சீட்டு ஆளோடு போகுமே தவிர விமானத்தோடு வராது, வாங்கியவர் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டும். அந்த ஊர்ச் சட்டம் அந்த ஊருக்கு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே அதே வரிசையில் செய்தால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

இங்கே நிலைமை என்ன என்பதில் சந்தேகமே இல்லாத பகுதி: இந்தியாவில் பதிவு இல்லாமல், பறக்கத் தகுதி என்ற அனுமதி இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல் எந்த விமானமும் பறக்கக் கூடாது, சொந்த நிலமாக இருந்தாலும் சரி, பத்தடி உயரமாக இருந்தாலும் சரி. 1934-ஆம் வருடத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெரிந்தே பிறருக்கு ஆபத்து வரும்படி பறந்தால் 2 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற அளவுக்கு அது போகும். வீட்டில் கட்டிய விமானத்துக்கு இங்கே வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஆறு சீட் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ல் அது கண்காட்சியில் நின்றது, 2017 நவம்பரில் பதிவு கிடைத்தது, சோதனையாகப் பறக்கும் அனுமதி 2019-ல்தான் வந்தது. தன் கையால் கட்டி, ஒவ்வொரு ரிவெட்டும் தனக்குத் தெரிந்த ஒருவருக்கே இத்தனை வருடம். உங்கள் கையில் இருப்பது வேறொருவர் கட்டியது. இதில் சந்தேகமான பகுதி உங்கள் பழைய பதிவின் நிலை: அது ரத்தாகாமல் இருந்தால் புதுப்பிக்கிற வேலை, ரத்தாகியிருந்தால் முதலிலிருந்து. டிஜிசிஏவின் பதில் கையில் வரும்வரை நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள், குறிப்பாக அட்வான்ஸ் கேட்கிறவரை.

நம் கரைக்கென்று தனியாக ஒன்றும் இருக்கிறது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, 2009-லிருந்து முழுக் கடற்படை விமானத் தளம். மண்டபத்தில் கடலோரக் காவல்படை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள், நடுவில் கடல் எல்லை. உங்கள் விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் போகிறது என்று வைத்தால் அரிச்சல்முனையைத் தாண்டி ஐந்தாறு நிமிடத்தில் எல்லையில் இருப்பீர்கள். 2007 மார்ச்சில் இலங்கையின் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் புலிகள் குண்டு போட்டது இப்படிப்பட்ட சின்ன விமானத்திலிருந்துதான், பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டியது என்பார்கள். அதற்குப் பிறகு இந்தக் கடற்கரையில் அடையாளம் தெரியாத சின்ன விமானம் ஒன்று எழும்பினால் யாரும் அதை விளையாட்டாகப் பார்க்க மாட்டார்கள். மாமா வள்ளம் வைத்திருக்கிறார் என்றீர்கள், எல்லை தாண்டுவதன் விலை அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் யோசனை, எல்லா ஆவணமும் சரியாகி பறக்கும் நிலை வந்தாலும் முதல் பறப்பை இங்கே வைக்க வேண்டாம். பிரித்து லாரியில் ஏற்றி, சிறு விமானங்கள் பறந்து பழகிய, கட்டுப்பாட்டுக் கோபுரமோ அனுபவப்பட்ட பயிற்சியாளரோ இருக்கிற ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் வைக்கலாம்.

சரி, அலுமினியத்துக்கு வருவோம், எனக்குப் பயமே அங்கேதான். கருவாட்டுக் கிடங்கு என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சுவரிலும் தரையிலும் ஏறிய உப்பு எத்தனை வருடம் ஆனாலும் போகாது, வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்தச் சுவர் வியர்க்கும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-லிருந்து ஆட்கள் வைத்துச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தும் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. அத்தனை கனமான இரும்புக்கே அந்த நிலை. உங்கள் விமானத்தின் தோல் சுமார் அரை மில்லிமீட்டர். கடற்படையில் கடல் மேல் பறந்து வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட மாட்டோம், அந்த ஒழுங்கு 12 வருடம் இதற்குக் கிடைக்கவில்லை. விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி அடிப்பது எதற்கென்று மாமாவைக் கேளுங்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், ஒன்று இன்னொன்றைத் தின்னும். விமானத்தில் இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள் போகும் ஒவ்வொரு இடமும் அதே கதைதான், அங்கே தின்னப்படுவது அலுமினியம். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி, பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடு, தட்டினால் உப்பிய இடம், இதெல்லாம் அரிப்பு. ரிவெட்டிலிருந்து காற்று போகும் திசையில் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி வால் இருந்தால் அது அரிப்பு இல்லை, அந்த ரிவெட் தளர்ந்து ஆடியிருக்கிறது என்று அர்த்தம், அது இன்னும் மோசம்.

எலி. கருவாடு இருந்த இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. எலி ஒயரைக் கடிப்பது எல்லோருக்கும் தெரியும், அதன் மூத்திரம் அலுமினியத்தை ஓட்டை போடும் அளவுக்கு அரிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இறக்கைக்குள் கூடு கட்டியிருந்தால் அந்தக் கூட்டை எடுத்தால் போதாது, அதற்கு அடியில் உள்ள தகட்டைச் சுத்தம் செய்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வேகமானிக்குக் காற்று போகும் குழாயிலும் பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையிலும் குளவி மண் வைத்திருக்கும். முதலாவது அடைந்தால் வேகம் தெரியாது, இரண்டாவது அடைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் பெட்ரோல் வராமல் நின்றுவிடும், அதுவும் தரையில் நிற்காது, ஏறும்போது நிற்கும்.

கேபிள் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தபோது, கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்த விமானம் ஒன்றைத் திரும்பப் பறக்கத் தயார் செய்துகொண்டிருந்தோம். சுக்கான் கேபிள் கண்ணுக்குப் புத்தம் புதுசு, ஒரு துரு இல்லை. பழைய பனியன் துணியை எடுத்துக் கேபிளைச் சுற்றிப் பிடித்து நெடுக உருவிக்கொண்டே போனேன், நங்கூரக் கயிற்றை உருவிப் பார்ப்பது போல. வெறும் விரலால் செய்யாதீர்கள், கிழித்துவிடும். சீட்டுக்குப் பின்னால் புல்லி இருக்கும் இடத்துக்கு வந்ததும் துணி மாட்டியது. ஒரு நூல், அவ்வளவுதான். கேபிளைத் தளர்த்தி, புல்லியிலிருந்து எடுத்து, அந்த இடத்தைச் சின்னதாக வளைத்தேன். உள்ளேயிருந்து இழை இழையாக நிமிர்ந்தது, பூனை மீசை மாதிரி. அந்தக் கேபிளில் 7 புரி, புரிக்கு 19 இழை, ஆக 133. அறுந்தவை ஒன்பது எண்ணினேன், எல்லாம் புல்லியை ஒட்டி இருந்த பக்கம். நேராக இழுத்துப் பார்த்திருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது. நின்றுகொண்டே இருக்கும் விமானத்தில் கேபிள் ஒரே இடத்தில் வளைந்தபடி வருடக்கணக்கில் ஈரம் குடிக்கிறது. உங்கள் விமானத்தில் நான் சோதனையே செய்ய மாட்டேன், எல்லாக் கேபிளையும் மாற்றிவிடுவேன். மொத்த விமானத்தில் மலிவான உயிர்க்காப்பு அதுதான்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனது நல்ல சகுனம் என்று நினைக்கிறீர்கள், எனக்கு அது கவலையாக இருக்கிறது. 12 வருடத்தில் சிலிண்டர் சுவரில் எண்ணெய் படலம் இறங்கிப் போயிருக்கும், துருத் துகள் இருந்திருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் அது தேய்த்திருக்கும். இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி தனியாக இருக்கிறது, குழாயில் காற்று நின்றுவிட்டால் முதல் சில நொடிகள் எண்ணெயே போகாது, அதனால்தான் ரொம்ப நாள் நின்றதை ஓட்டுவதற்கு முன் காற்றை வெளியேற்றும் முறை ஒன்று கையேட்டில் இருக்கிறது. அது நடக்கவில்லை என்பது உங்கள் வீடியோவிலேயே தெரிகிறது. அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ரோடாக்ஸ் அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் நம் ஊர் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் டேங்கின் உள் பூச்சையும் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டரில் சேர்க்கும். ஊற்றியதை முழுக்க வடித்துவிடுங்கள். விமானப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, அதை ஊற்றலாம், ஆனால் அப்போது எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். எப்படியானாலும் என்ஜினைப் பிரிக்காமல் ஒருவர் "ஓகே" என்று சொன்னால் ஏற்காதீர்கள், நான் சொன்னாலும்.

எடை போடுவது சுலபம், அதை விட்டுவிடாதீர்கள். பழைய எடைச் சீட்டு கிடைத்தாலும் அது பழைய பெயின்ட்டின் எடை. மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு, விமானத்தை மட்டம் பிடித்து, ஒரே நேரத்தில். மீன் ஏலக்கூடத்து எலெக்ட்ரானிக் தராசுகூடப் போதும், முத்திரை போட்டதாக இருந்தால்.

உப்பளத்தில் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி: வேண்டாம். தரையில் மட்டும் வேகமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவர்கள் நினைக்காமலே மேலே எழும்பிய விபத்துகள் வீட்டில் கட்டிய விமானங்களின் வரலாற்றில் நிறைய. ஒரு ஆள் மட்டும், டேங்கில் கொஞ்சம் பெட்ரோல், எதிரே கச்சான் காற்று, விமானம் லேசாக இருக்கிறது, ஓட்டுபவர் எதிர்பார்ப்பதற்கு முன்பே சக்கரம் தரையை விட்டுவிடும். அப்புறம் பாத்தி வரப்பு வருகிறது, இறக்குவதா ஏறுவதா என்று யோசிக்க நேரம் இருக்காது. சோதித்துப் பார்க்காத கேபிள், திறந்து பார்க்காத ஸ்பார், எத்தனால் பெட்ரோல், எல்லாம் அந்த ஐந்து நொடியில் ஒன்றாகச் சேரும்.

இது எப்படி முடியும் என்று கேட்டால், படங்களை வைத்து என் கணிப்பு: ஸ்பார் நன்றாக இருந்து, பழைய பதிவும் உயிரோடு இருந்தால் பாடுபடலாம், விமானத்துக்குக் கொடுத்த காசைவிட என்ஜினுக்குக் கூடுதலாகப் போகும் என்று தெரிந்துகொண்டு. ஸ்பாரில் அரிப்பு இறங்கியிருந்தால் அந்த இறக்கையோடு பறக்கக் கூடாது, புது இறக்கை கட்ட வேண்டும். பதிவும் இல்லை, உரிமைச் சங்கிலியும் இல்லை என்றால் மாமா அதை ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொடுக்கலாம், பிள்ளைகள் பிரித்துப் பார்த்துப் படிப்பார்கள். இந்த மூன்றில் எது என்று சீட்டைக் கழற்றும் நாளில் பாதி தெரிந்துவிடும். அன்றைக்கு நான் வருகிறேன், மண்டபத்திலிருந்து பெரியபட்டினம் பக்கம்தான். நல்ல டார்ச் ஒன்று, பல் டாக்டர் கண்ணாடி மாதிரி நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்று, பழைய பனியன் துணி நாலு எடுத்து வையுங்கள், தயாரிப்பு எண் தகட்டின் படத்தை முன்கூட்டியே அனுப்புங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு. உங்கள் வீடியோவில் என்ஜின் ஓடும்போது ப்ரொப்பெல்லரிலிருந்து மூன்றடி தூரத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறான். சக்கரத்துக்கு ஒரு செங்கல்தான் அண்டை கொடுத்திருக்கிறீர்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ப்ரொப்பெல்லரைக் கழற்றித் துணியில் சுற்றி மாமா வீட்டு உள் அறையில் வைத்துப் பூட்டுங்கள், சாவி மாமியிடம் இருக்கட்டும்.